நிதி வந்தால் பத்து சதவீதம்: இந்தப் பேச்சை ஏற்கலாமா?

9 ஜூன் 2025, வந்த கேள்வி

"ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலராக இருந்தேன். இப்போது வேலையை விட்டுவிட்டு, நிதி கேட்டு அனுப்பும் திட்ட விண்ணப்பம், அதாவது புரொப்போசல், எழுதித் தருவதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஊர் கோபாலபுரம் பக்கம். முதலில் வந்த டிரஸ்ட் செயலாளர், 'கையில காசு இல்லைங்க, நிதி வந்தா பத்து பர்சன்ட் எடுத்துக்குங்க' என்கிறார். இருபது லட்சம் கேட்கப் போகிறார்கள். எனக்கு இரண்டு லட்சம். ஒத்துக்கொள்ளலாமா?"

9 ஜூன், இரவு

வேண்டாம்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு இதே வேலையைத்தான் செய்கிறேன். பொள்ளாச்சி, சித்தூர், அட்டப்பாடி என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள சின்ன அமைப்புகள்தான் என்னிடம் வருகின்றன. பத்து சதவீதப் பேச்சு ஏறக்குறைய எல்லோரிடமும் வரும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த இரண்டு லட்சம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

நிதி தருபவர் பணத்தைத் தலைப்பு வாரியாகப் பிரித்துத்தான் தருகிறார். ஆசிரியர் சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, பயணம் இவ்வளவு. புரொப்போசல் எழுதியவருக்கு என்று ஒரு வரி போட்டால் அடித்துவிடுவார்கள், அது திட்டம் தொடங்கும் முன்பே முடிந்துபோன வேலை என்பதால். வரி போடாமல் கொடுக்க வேண்டுமென்றால் போகாத பயணத்துக்கு பில் வேண்டும், வாங்காத நோட்டுப் புத்தகத்துக்கு ரசீது வேண்டும். ஆண்டு முடிவில் செலவுச் சான்றிதழில் செயலாளர் கையெழுத்துப் போடுவார், ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். உங்கள் கூலிக்காக இரண்டு பேர் பொய்க்குக் கையெழுத்துப் போட வேண்டிவரும்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்று சங்கங்களே இருக்கின்றன. அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ் (ஏஎஃப்பி), கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷன் இரண்டுமே தங்கள் நெறிமுறையில் சதவீதக் கூலியைத் தடுத்திருக்கின்றன. எழுத்துக்குக் கூலி வாங்குங்கள். வரும் பணத்தில் பங்கு வேண்டாம்.

10 ஜூன்

எவ்வளவு கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாங்குவதைச் சொல்கிறேன், உங்கள் பக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். திட்டத்தைச் சுருக்கிச் சொல்லும் இரண்டு பக்கக் கன்செப்ட் நோட் 4,000. பட்ஜெட்டோடு முழுப் புரொப்போசல் 15,000 முதல் 25,000 வரை. காகிதங்களை மட்டும் பார்த்து என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதித் தர 2,500. பாதி முன்பணம், மீதி அனுப்பும் நாளன்று. முடிவு வரும்வரை காத்திருப்பது இல்லை. முடிவு வர ஆறு மாதம் ஆகும், சில சமயம் பதிலே வராது.

12 ஜூன்

"காகிதம் பார்க்க எதற்குத் தனிக் கூலி, அதை அவர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா" என்று ஒருவர் கேட்டார். பார்க்க மாட்டார்கள் என்பதுதான் என் அனுபவம். இந்தத் தொழிலில் பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

வேலந்தாவளம் பக்கம் ஒரு டிரஸ்ட். செயலாளர் வயதில் பெரியவர். மாலை வகுப்பு நடத்துகிறார்கள், ஊரில் நல்ல பெயர். குடிநீர்த் தொட்டிக்கு ஒரு கம்பெனியிடம் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கேட்க வேண்டும் என்று கூப்பிட்டார். இரும்பு பீரோவைத் திறந்து, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைக்க வைக்கும் 80ஜி சான்றிதழை, லேமினேட் செய்தது, எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். "எல்லாம் பக்காவா இருக்குதுங் அம்மிணி. நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார். நான் தேதியைப் பார்த்தேன். அது தற்காலிகப் பதிவு, மூன்று வருடத்துக்கானது, முடிய நான்கு மாதம்தான் இருந்தது. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே முறையான பதிவு கேட்டு 10ஏபி படிவம் போட்டிருக்க வேண்டும்.

"ஐயா, இதை முதல்ல ஆடிட்டர்கிட்ட எடுத்துட்டுப் போகணுங்க. தொட்டி அப்புறம்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. பிறகு டிரஸ்ட் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். மலையாளத்தில் எழுதிய பத்திரம். நோக்கங்கள் என்ற பகுதியில் கல்வி இருந்தது, கலை இருந்தது, நூலகம் இருந்தது. தண்ணீர் என்ற சொல்லே இல்லை. தொட்டிக்குக் கேட்டால் கம்பெனியின் வக்கீல் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் சட்டப்படியே சில கதவுகள் இருக்கின்றன. அமைப்பின் வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவும் 80ஜி ஒப்புதலும் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும், அதற்கு ஒரு சிஏ அல்லது கம்பெனி செக்ரட்டரி அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று தர வேண்டும். இதற்கு மேல் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் எண், பான், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை எல்லாம் கேட்பார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை. அந்த நிலையில் புரொப்போசலுக்குப் பணம் வாங்குவது எனக்குச் சம்மதம் இல்லை. காகிதம் பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். சரியானதும் அவர்களே கூப்பிடுவார்கள்.

13 ஜூன்

நேற்றையதோடு ஒரு சேர்க்கை. 12ஏ, 80ஜி எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். 2025 நிதிச் சட்டத்தில் சின்ன அமைப்புகளுக்கு 12ஏ பதிவின் காலத்தை (சட்டத்தில் 12ஏபி பிரிவு)ப் பத்து வருடமாக்கியிருக்கிறார்கள். முந்தைய இரண்டு வருடங்களிலும் வருமானம் 5 கோடியைத் தாண்டாமல் இருந்தால் போதும். நம் பக்கத்து அமைப்புகள் எல்லாமே அதற்குள் அடங்கும். 80ஜிக்கு இது பொருந்தும் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், அதன் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

15 ஜூன்

எங்கள் தாலுகாவுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம். பாலக்காடு டவுனில் இருக்கும் சொசைட்டி 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும், ஏனென்றால் அது பழைய மலபார். சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதனால் இங்கே 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சட்டம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி போனால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம். ஒரே பஸ்ஸில் மூன்று சட்டத்தைக் கடந்துவிடலாம். டெல்லியில், பம்பாயில் இருக்கும் நிதி நிறுவனத்தின் ஆன்லைன் படிவத்தில் எந்தச் சட்டம் என்று கேட்கும் இடத்தில் பதிவுச் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். பழக்கத்தில் 1860 என்று போட்டுவிட்டுச் சான்றிதழில் 1955 இருந்தால், சந்தேகத்தோடு திருப்பி அனுப்புவார்கள்.

21 ஜூன்

வெளிநாட்டுப் பணம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பொறுமையாக எழுதுகிறேன்.

முன்பெல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய அமைப்பு வெளிநாட்டிலிருந்து நிதி வாங்கி, அதை நம் மாதிரி ஊர்களில் உள்ள சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். சின்ன அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான சட்டத்தின் கீழ் பதிவு, இருந்தால் போதும். 2020 செப்டம்பர் திருத்தத்தில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். வெளிநாட்டு நிதியை வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது, அந்த இன்னொரு அமைப்புக்குப் பதிவு இருந்தாலும் கூடாது. அதே திருத்தத்தில் நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய கணக்கு புதுடெல்லி ஸ்டேட் வங்கி மெயின் பிராஞ்சில் மட்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பல அமைப்புகள் அந்த வருடத்தோடு சுருங்கிப்போயின. பத்து ஊழியர் இருந்த இடத்தில் ஒரு ஆயாவும் ஒரு கணக்கரும் மிஞ்சினார்கள். நான் கணக்குப் பார்த்த அமைப்பிலும் அதுதான் நடந்தது. என்னைப் போன்றவர்கள் தனியாகத் தொழில் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். முழுநேர ஆள் வைக்க அவர்களால் முடியவில்லை, எழுத ஆள் இல்லாமலும் முடியவில்லை.

புதிதாக எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும் என்று யாராவது வந்தால், மூன்று வருடம் ஆகியிருக்கிறதா, கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்கான வேலைகளில் 15 லட்சம் செலவு செய்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நின்றால் நல்லது. இல்லாத ஆசையைக் காட்டிக் கூலி வாங்க வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்ட பத்து சதவீதத்தோடு தொடர்புடையது. எஃப்சிஆர்ஏ விதிகளில் எது நிர்வாகச் செலவு என்று பட்டியல் இருக்கிறது. அறிக்கை எழுதும் செலவு, சட்ட, தொழில்முறைக் கட்டணம், கணக்கு வைக்கும் செலவு எல்லாம் அதில் அடக்கம். பள்ளி ஆசிரியர் சம்பளம், ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம் போன்றவை அதில் சேராது. ஆக, 20 சதவீதத்துக்குள் வாடகையும் கரண்ட் பில்லும் கணக்கர் சம்பளமும் அடங்க வேண்டும். அதில் பாதியை நீங்கள் எடுத்தால் கணக்கருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

22 ஜூன்

சிஎஸ்ஆரில் 5 சதவீதம்தானே நிர்வாகத்துக்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த 5 சதவீதம் கம்பெனியின் சொந்த சிஎஸ்ஆர் துறைச் செலவுக்கான வரம்பு. அமைப்பின் மேல் அதைப் போடும் அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டை வேண்டாம். கம்பெனிச் சட்ட சிஎஸ்ஆர் விதிகளில் நிர்வாகச் செலவு என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டால், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தைத் திட்டச் செலவில் காட்டி, அவர் தினமும் என்ன செய்கிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த மூன்று வரி இல்லாததால்தான் சம்பளம் வெட்டுப்படுகிறது.

28 ஜூன்

இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இது. நீளமாகும்.

கேரளம் என்று சொன்னவுடன் நிதி தருபவர் முகம் மாறும். "உங்களுக்கு எழுத்தறிவு இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, குடும்பஸ்ரீ மகளிர் குழு இருக்கிறது, இன்னும் என்ன?" என்பார்கள். 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற ஒரு பட்டியல் போட்டது. அதில் 112 மாவட்டங்கள். பல கம்பெனிகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சிஎஸ்ஆர் பணத்தை ஒதுக்குகின்றன. கேரளத்திலிருந்து வயநாடு மட்டும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டத்தை அலகாக வைத்து எண்ணினால் இருக்கவும் முடியாது.

கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். அந்தக் கிழக்கு ஓரத்தில் உள்ள வடகரப்பதியும் எருத்தேம்பதியும் மழை மறைவுப் பகுதி. மேற்கே கொட்டித் தீர்க்கும்போது இங்கே தூறல் போட்டுவிட்டுப் போய்விடும். கோடையில் தண்ணீர் லாரி வருகிற கேரள கிராமம் என்று சொன்னால் பம்பாய்க்காரர் நம்ப மாட்டார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் வட்டார மதிப்பீடுகளை எடுத்துக் காட்டுங்கள். முந்தைய மதிப்பீடுகளில் சித்தூர் பிளாக் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பிரிவில் இடம்பெற்றிருந்தது. எல்லையில் உள்ள மணக்கடவில் ஆழியாறு தண்ணீர் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு என்று தமிழ்நாட்டோடு போட்ட 1970 ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது எந்த மாதத்தில் எவ்வளவு வருகிறது என்பதில்தான் தென்னையும் நெல்லும் பிழைப்பதும் கூலி வேலை கிடைப்பதும் இருக்கிறது. மாவட்ட சராசரி இதையெல்லாம் மூடிவிடும்.

அதனால் எழுதுகிறவருக்கு முதல் வேலை சராசரியை உடைப்பது. எங்கே தேடலாம் என்று நான் கண்டுகொண்டதைச் சொல்கிறேன். பள்ளி என்றால் மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளமான யூடைஸ் பிளஸ்ஸில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி அட்டை இருக்கிறது. எந்த மீடியம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், கழிப்பறை உண்டா எல்லாம் வரும். மக்கள்தொகை என்றால் 2011 கணக்கெடுப்புதான் கடைசி. கேரளத்தில் வருவாய் கிராமமும் பஞ்சாயத்தும் ஒரே எல்லை கிடையாது, கிராம அட்டவணையை எடுத்து அப்படியே பஞ்சாயத்து என்று போட்டுவிடாதீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பான என்எஃப்எச்எஸ்-5 மாவட்டத்தோடு நின்றுவிடும். அதை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேல் ஒரு புதையல் பஞ்சாயத்து ஆபீஸிலேயே கிடக்கிறது. 1996இல் பஞ்சாயத்துகளே தங்கள் திட்டத்தைப் போடும் மக்கள் திட்டம் கேரளத்தில் தொடங்கியபோது ஒவ்வொரு பஞ்சாயத்தும் விகசன ரேகை என்று தன் ஊர் நிலவரத்தைப் புத்தகமாகப் போட்டது. பிறகும் திட்டக் காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். எத்தனை வீட்டுக்கு கிணறு, எந்த வார்டில் ரோடு இல்லை, எந்தக் காலனியில் பட்டா இல்லை என்பதையெல்லாம் ஊர்க்காரர்களே உட்கார்ந்து எழுதியது. மலையாளத்தில் இருக்கும். எனக்குப் படிக்க வரும். வராதவர்கள் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தின் பக்க எண்ணோடு ஒரு வரியை மேற்கோள் காட்டினால், இந்த ஆள் ஊருக்குள் போயிருக்கிறார் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் மனு எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கு. எழுதலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னட சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. புள்ளிவிவரம் கேட்டுப் பஞ்சாயத்துக்கு நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

2 ஜூலை

உதாரணம் காட்டச் சொன்னீர்கள். ஒரு அமைப்பு எழுதிக்கொண்டு வந்த முதல் வரி: "எல்லையோரக் குழந்தைகள் கல்வியில் மிகவும் பின்தங்கியுள்ளனர், அவர்களின் வாழ்வில் ஒளியேற்றுவதே எங்கள் நோக்கம்." இதைப் படித்து யாரும் பணம் தர மாட்டார்கள், எந்த மாநிலத்துக்கும் பொருந்தும் வரி.

அந்த அமைப்பை நடத்தும் அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படிக்கிறார்கள். 2017 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படித்தாக வேண்டும். வீட்டில் மலையாளம் பேச ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார்கள். ப்ளஸ் ஒன் போகும்போது பக்கத்தில் இருக்கிற இடத்தில் தமிழ் மீடியம் கிடைக்காவிட்டால் சிலர் எல்லை தாண்டி பொள்ளாச்சி பக்கம் போகிறார்கள், சிலர் படிப்பை விடுகிறார்கள். "யாரு யாரு விட்டாங்க அக்கா?" என்று கேட்டேன். விரல் விட்டுப் பெயர் சொன்னார். அந்தத் தெருவில் எந்தப் பிள்ளை எந்த வருடம் நின்றது, இப்போது எந்த வேலையில் இருக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். நோட்டில் எழுதவே இல்லை.

பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு அந்தக் கணக்கை ஒரு அட்டவணையாகப் போட்டோம். ஒளியேற்றும் வரி போய்விட்டது. அவர் கேட்டது மாலையில் இரண்டு மணி நேரம் மலையாளம் சொல்லித்தர ஒரு ஆசிரியை, ஒரு ஹால் வாடகை, சுண்டல் செலவு. பட்ஜெட் ஒரே பக்கம்தான். அந்தப் புரொப்போசல் நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது.

3 ஜூலை

ஏஐ எழுதித் தராதா, உங்களுக்கு எதற்குப் பணம் என்று கேட்டவருக்கு: இங்கிலீஷ் அது நன்றாகவே எழுதும், நானும் இலக்கணம் பார்க்க வைத்துக்கொள்கிறேன். அந்த அக்கா விரல் விட்டு எண்ணியதை அதற்கு யார் சொல்வது?

9 ஜூலை

திட்டத்தின் நோக்கம், செயல்பாடு, அளவுகோல் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் காட்டும் லாக் ஃபிரேம் போடத் தெரியவில்லை என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டுக்காக உருவாக்கிய கட்டம் அது. அந்த யூஎஸ்எய்டின் கடையையே 2025 ஜூலையில் சாத்திவிட்டார்கள், கட்டம் மட்டும் உலகமெல்லாம் நிற்கிறது. நாலு வரிசை, நாலு பத்தி. எல்லோரும் முதல் மூன்று பத்தியை நிரப்பிவிட்டுக் கடைசிப் பத்தியில் "ஒத்துழைப்பு கிடைக்கும்" என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பத்தி, அதாவது எவையெல்லாம் நம் கையில் இல்லை என்ற பத்தி, அதைத்தான் அனுபவமுள்ள ஆள் முதலில் படிப்பார். தென்னந்தோப்பில் ஊடுபயிர் திட்டம் என்றால் "ஆழியாறு தண்ணீர் ஜனவரிக்குள் வரும்" என்று எழுதுங்கள். வராவிட்டால் என்ன செய்வோம் என்பதைச் செயல்பாட்டில் சேருங்கள்.

வகுப்பு நடந்தது என்பது ஒன்று, பிள்ளை படித்தது என்பது வேறு. இரண்டையும் ஒரே வரிசையில் போடாதீர்கள்.

14 ஜூலை

தொழில் பக்கம் வருவோம். எல்லையில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி பயம் அதிகம். நான் கேரளம், வாடிக்கையாளர் தமிழ்நாடு, மாநிலம் தாண்டினால் பதிவு கட்டாயம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பொருள் விற்றால் கதை வேறு. சேவைக்கு 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் மாநிலம் தாண்டினாலும் பதிவு வேண்டாம்.

உங்கள் கூலியில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடிப்பார்கள். ஒரே அமைப்பு ஆண்டுக்கு 50,000க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்துதான் வரம்பு 30,000லிருந்து உயர்ந்தது. பிடித்ததை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். அதற்காக ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தருகிற வேலை நம்முடையது.

வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்கள்? எனக்கு ஆடிட்டர்கள் மூலம்தான் அதிகம் வந்தார்கள். டிரஸ்ட்களின் தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30க்குள், ரிட்டர்ன் அக்டோபர் 31க்குள். அதனால் புதிய கணக்கு கையில் கிடைப்பது அக்டோபரில்தான். அங்கிருந்து டிசம்பர் வரை எழுதும் காலம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கம்பெனிகள் மீதிப் பணத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடும், ஏனென்றால் தொடர்திட்டத்துக்கு ஒதுக்கிச் செலவாகாததை நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனிக் கணக்கில் போட்டாக வேண்டும். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் அவ்வளவு தொழிற்சாலை இருக்கிறது. சொந்த ஊர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவே சொல்கிறது. கஞ்சிக்கோட்டுக்கும் வேலந்தாவளத்துக்கும் தூரம் அதிகமில்லை என்பதை வரைபடத்தோடு காட்டுங்கள்.

26 ஜூலை

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பத்து சதவீதம் வேண்டாம் என்றபோது கணக்குத் தலைப்பைக் காரணமாகச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சதவீதம் என்றால் தொகை பெரிதாக வேண்டும் என்று உங்கள் கை தானாக இழுக்கும். ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவு செய்து பழகிய அமைப்பை இருபது லட்சம் கேட்க வைப்பீர்கள். கிடைக்காமல் போனால் பரவாயில்லை, கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. பில் போடத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லாத இடத்தில் இருபது லட்சம் வந்து இறங்கும். ஒரு வருடத்தில் செலவு செய்ய முடியாது, அறிக்கை எழுத முடியாது, அடுத்த வருடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஐந்து கால் பந்தலுக்கு ஐம்பது கால் பந்தலின் ஓலையை ஏற்றினால் பந்தல் சாயத்தான் செய்யும். நான் வழக்கமாக, முந்தைய வருடச் செலவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஒரே திட்டத்துக்குக் கேட்க விடுவதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

பாதி முன்பணம் என்பதில் மட்டும் நான் கொஞ்சம் இளகியிருக்கிறேன். எருத்தேம்பதி பக்கம் பெண்கள் மட்டும் நடத்தும் ஒரு சங்கம், 7,500 ஒரே தடவையில் எடுக்க வழியில்லை. உறுப்பினர் சந்தாவிலிருந்து மூன்று தவணையாகத் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்கி, கூட்ட நோட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்த நோட்டின் நகலையே புரொப்போசலோடு இணைத்தேன்.

நிதி கிடைத்தால் ஒரு போனஸ் தரலாமா என்று கேட்டவருக்கு: ஏஎஃப்பி நெறிமுறை சதவீதமாக இல்லாத, அமைப்பின் வழக்கத்துக்குப் பொருந்திய போனஸை அனுமதிக்கிறது. நம் ஊர்ச் சின்ன அமைப்பில் அந்த வழக்கமே கிடையாது என்பதால் நான் வாங்குவதில்லை.

30 ஜூலை

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். செயலாளரிடம் பேசிப் பார்த்தாராம். இருபது லட்சத்தை ஐந்தரை லட்சமாகக் குறைத்திருக்கிறார்கள், கூலி 15,000, டிரஸ்டிகள் மூன்று பேர் பிரித்துப் போட்டு நன்கொடையாகக் கொடுத்து அதிலிருந்து தருகிறார்களாம். நல்ல ஏற்பாடு. அந்த நன்கொடைகளுக்கும் ரசீது போடச் சொல்லுங்கள், 80ஜி இருப்பதால் அடுத்த மே 31க்குள் வருமான வரித் துறைக்கு நன்கொடை விவரம் தரும் 10பிடி படிவத்தில் அவையும் ஏற வேண்டும்.

ஒப்பந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய பத்திரம் வேண்டாம், ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த நிதி நிறுவனத்துக்கு, எந்தத் திட்டத்துக்கு என்று பெயரோடு எழுதுங்கள். எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்று எழுதுங்கள், நான் இரண்டு தடவை என்று போடுகிறேன். அவர்கள் எந்தத் தேதிக்குள் கணக்கும் படமும் தர வேண்டும் என்று எழுதுங்கள், கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வராவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படும் என்பதையும் சேருங்கள். நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி ஒன்றுதான் என்ற வரி தமிழிலும் இருக்கட்டும், மலையாளத்திலும் இருக்கட்டும், டிரஸ்டிகள் எல்லோரும் படிக்க வேண்டிய வரி அது. எழுதியதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். புரொப்போசலை அனுப்பும் மெயில் ஐடி டிரஸ்டின் ஐடியாக இருக்கட்டும், உங்களுடையதாக வேண்டாம். பதில் அவர்களுக்கு நேராக வர வேண்டும்.

நிராகரித்தால் ஒரு வாரத்துக்குள் காரணம் கேட்டு மெயில் போடச் சொல்லுங்கள். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் சொல்கிறார்கள். அந்தப் பதிலை எனக்கும் காட்டுங்கள், அடுத்த சுற்றுக்கு முன் சேர்ந்து பார்ப்போம்.